மில்லர் லைட்: குளிர் விட்ட பிறகு குடித்துப் பார்த்தால்

மில்லர் லைட் என்ற, கலோரி குறைத்த அமெரிக்க பீர் எப்படி இருக்கும் என்று குடித்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான் வரும். “தண்ணி மாதிரி இருக்கும்” என்பது ஒன்று. “ஜில்லுனு குடிச்சா நல்லாத்தான் இருக்கும்” என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர்கள் பீரை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடித்தவர்கள். அந்த ஜில்லைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று யாரும் சொல்லக் காணோம். அதைத்தான் பார்க்க உட்கார்ந்தேன்.

என் பிழைப்பே நாக்கை நம்பித்தான். பிஸ்கட் செய்யும் ஒரு நிறுவனத்தில் ருசி பார்க்கும் குழுவில் இருக்கிறேன். கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும், உள்ளே வந்து பார்த்தால் தெரியும். சிவப்பு விளக்கு போட்ட ஒரு சின்னத் தடுப்புக்குள் உட்கார்ந்து, நிறம் தெரியாத பிஸ்கட்டைக் கடித்து, போன மாத மாவுக்கும் இந்த மாத மாவுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று ஒரு தாளில் டிக் அடிக்கிற வேலை. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. வித்தியாசம் இருக்கிறதா, இருந்தால் எங்கே, அவ்வளவுதான் கேட்பார்கள். வீட்டில் அந்தத் தடை இல்லை, அதனால் இங்கே நல்லது கெட்டதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கேனைப் பார்ப்போம். 355 மில்லி, வெள்ளை நிறம், நடுவில் பழைய பாணி எழுத்தில் ‘லைட்’. கூடவே ‘அருமையான பில்ஸ்னர் பீர்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. இந்த வரியோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. பில்ஸ்னர் என்பது செக் நாட்டின் பில்சன் நகரத்தில் 1842இல் யோசஃப் குரோல் என்ற ஜெர்மானியர் காய்ச்சிய பொன்னிற பீரிலிருந்து வந்த பெயர். அந்த வகைக்கே அடையாளம் அதன் கசப்பு. கசப்பை அளக்க ஐ.பி.யூ. என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். செக் பில்ஸ்னருக்கு அது 30க்கும் 45க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று போட்டி நடுவர்களின் கையேடு சொல்கிறது. அதே கையேட்டில் அமெரிக்க லைட் லாகருக்கு (லாகர் என்றால் குளிரில் புளிக்க வைக்கும் பீர் வகை, மில்லர் லைட் அதில் சேர்த்தி) 8 முதல் 12 வரைதான். கசப்பில் மூன்றில் ஒரு பங்கு வைத்துக்கொண்டு குடும்பப் பெயரை மட்டும் முழுசாகப் போட்டுக்கொள்வது கொஞ்சம் ஓவர். வம்சாவளி உண்மைதான், மறுக்கவில்லை. 1855இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஆலையை ஆரம்பித்த ஃப்ரெடெரிக் மில்லர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். அவர் தலைமுறை கொண்டுவந்த லாகர்தான் மக்காச்சோளமும் அரிசியும் சேர்ந்து படிப்படியாக இளைத்து இந்தக் கேனுக்குள் வந்து நிற்கிறது.

இளைத்த கதையில் ஒரு வேதியியல்காரர் இருக்கிறார். ஜோசஃப் ஓவேட்ஸ். நியூயார்க்கின் ரைன்கோல்ட் ஆலையில் வேலை பார்த்தவர். சாதாரண பீரில் ஈஸ்ட் எல்லாச் சர்க்கரையையும் தின்றுவிடுவதில்லை. மாவுச்சத்துச் சங்கிலி கிளை பிரிகிற இடங்களை மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், இருக்கும் நொதிகளால் முழுதாக வெட்ட முடியாது. அந்தத் துண்டுகள் டெக்ஸ்ட்ரின் என்ற பெயரில் பீரிலேயே தங்கிவிடும். ஈஸ்டுக்கு அது உணவு இல்லை, நமக்கு அது கலோரி. வாயில் பீர் கொஞ்சம் கனமாகப் படுவதற்கும் அதற்குப் பங்கு உண்டு. ஓவேட்ஸ் செய்தது என்னவென்றால், அந்தக் கிளைகளையும் வெட்டிப்போடும் இன்னொரு நொதியைச் சேர்த்தார். துண்டுகள் எல்லாம் குளுக்கோஸ் ஆயின, ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தது. 1967இல் அது கேப்ளிங்கர்ஸ் என்ற பெயரில் டயட் பீராகக் கடைக்கு வந்து, போணியாகாமல் போனது. பீர் குடிக்க வருகிறவனிடம் போய் டயட் என்றால் யார் வாங்குவார்கள்? அப்புறம் அந்தச் செய்முறை சிகாகோவின் மைஸ்டர் பிராவ் ஆலைக்குப் போனது. அந்த ஆலையின் பிராண்டுகளை 1972இல் மில்லர் வாங்கியது. 1975இல் மில்லர் லைட் நாடு முழுக்க விற்பனைக்கு வந்தபோது டயட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்களை விளம்பரத்தில் நிறுத்தி, ‘ருசி பிரமாதம்’ என்று ஒரு கட்சியும் ‘வயிறு நிறையாது’ என்று ஒரு கட்சியும் சண்டை போட வைத்தார்கள். உள்ளே இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட அதே யோசனைதான். பேச்சு மாறியதும் வியாபாரம் மாறிவிட்டது.

சரி, கிளாசுக்கு வருவோம். பீர் ருசி பார்ப்பதில் பாதி வேலை பாத்திரம் கழுவுவது. எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் நுரை நிற்காது, பிறகு பீர் மேல் பழி போடுவோம். கழுவிய கிளாசில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்கினால் சுத்தம். முத்து முத்தாகக் கண்ணாடியில் ஒட்டி நின்றால் இன்னும் பசை இருக்கிறது, திரும்பவும் கழுவ வேண்டும். குழம்புப் பாத்திரம் தேய்த்த ஸ்பாஞ்சை இதற்குத் தொடவே கூடாது.

4 டிகிரியில் எடுத்து, கிளாசைச் சாய்த்துப் பாதியும் நிமிர்த்தி மீதியும் ஊற்றினேன். வெளிறிய வைக்கோல் நிறம், கிளாசுக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளை வரி பிசகாமல் படிக்கலாம். நுரை வெள்ளையாக, இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஜோராக எழுந்தது. குமிழிகள் பெரிசு பெரிசாக இருந்தன. பெரிய குமிழி சீக்கிரம் உடையும். நான் பேனாவை எடுத்து நிறத்தைக் குறித்து முடிப்பதற்குள் நுரை ஓரமாக ஒரு மோதிரமாகச் சுருங்கிவிட்டது. நுரையைத் தாங்கிப் பிடிப்பதில் தானியத்திலிருந்து வரும் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே பார்லியின் ஒரு பகுதிக்குப் பதில் மக்காச்சோளச் சிரப் போகிறது, அதில் புரதமே கிடையாது. அதனால் இதை ஒரு குறையாகச் சொல்வதா, குணமாகச் சொல்வதா என்பது உங்கள் இஷ்டம்.

மூக்கை வைத்தால் அந்தக் குளிரில் ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. கிளாசை உள்ளங்கையால் மூடிச் சுழற்றி, திறந்த கணத்தில் மோந்தால் ஏதோ தானியம் என்று சொல்லலாம், அதற்கு மேல் சொன்னால் அது கற்பனை. ஒரு வாய் குடித்தேன். முதலில் வாயு சுரீர் என்று நாக்கில் ஏறுகிறது. அடுத்து லேசான இனிப்பு, இனிப்பு என்பதைவிட காரமோ புளிப்போ கசப்போ இல்லாத ஒரு சமன். கசப்பு நாக்கின் பின்பக்கம் ஒருமுறை தட்டிவிட்டுப் போகிறது. விழுங்கியதும், வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் ஆணியைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போவது போல, எல்லாம் போய்விடுகிறது. வாய் சுத்தம். கை தானாக அடுத்த வாய்க்குக் கிளாசைத் தூக்குகிறது.

இந்தச் சுத்தம் தற்செயல் இல்லை. இப்படிப்பட்ட பீர்களின் நோக்கமே அதுதான். குளிர் அதற்கு ஒத்தாசை செய்கிறது. குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கும், மணம் தருகிற பொருள்கள் திரவத்தை விட்டு எழும்பாது, வாயுவின் கடி மட்டும் கூடும். அதனால் ஜில் பீரில் நமக்குக் கிடைப்பது பாதிக்கு மேல் கடியும் குளிருமே. இதே கம்பெனி தன் இன்னொரு லைட் பீரான கூர்ஸ் லைட்டை, கேன் நன்றாகக் குளிர்ந்தால் மலைப் படம் நீலமாக மாறுகிற மை போட்டு விற்கிறது. பீருக்கு அடையாளமாக வெப்பநிலையையே காட்டும் அளவுக்கு இந்த வியாபாரத்தில் குளிர் முக்கியம்.

என் வேலையில் இப்படிப் பொருளை எடைபோட முடியாது. குறை தெரிய வேண்டுமானால் குறை ஒளிந்துகொள்ளும் இடத்தை எடுத்துவிட வேண்டும். எனவே கிளாசை மேஜையில் விட்டுவிட்டு, சமையலறைத் தெர்மாமீட்டரை அதில் போட்டுவைத்தேன். 8 டிகிரியில் ஒரு வாய், 12இல் ஒரு வாய், 16இல் ஒரு வாய்.

8இல் முதன்முதலாக மால்ட் எட்டிப் பார்த்தது. வெறும் ரொட்டியின் உள்பக்கம், மேல்தோல் இல்லை, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி. பீருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் பூவின் பச்சை வாசம் ஒரு நூலளவு. எனக்கு இந்தப் பீரில் மிகவும் பிடித்த இடம் இதுதான், சொல்லப்போனால் இது அசல் லாகராக நடந்துகொள்ளும் ஒரே இடம். 12இல் இனிப்பு மேலே வந்து கசப்பை மூடிவிட்டது. கூடவே சோளக்கதிர் வேகிற வாசனை, மெல்லிசாக. 16க்குப் போனபோது வாயு தளர்ந்து, சோளம் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: வெண்ணெய் வாசம் இல்லை, பச்சை ஆப்பிள் இல்லை, நனைந்த அட்டைப்பெட்டி இல்லை, காடி இல்லை. புளிக்க வைக்கும்போது அவசரப்பட்டாலோ, ஆக்சிஜன் உள்ளே புகுந்தாலோ, பாத்திரம் அழுக்காக இருந்தாலோ வருகிற வாசனைகள் இவை. அடர்த்தியான கறுப்பு பீரில் இதில் ஒன்றிரண்டு வறுத்த மால்ட்டுக்குள் மறைந்துவிடும். இவ்வளவு மெலிந்த திரவத்தில் மறைய இடமே கிடையாது. அறை வெப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியும் ஒரு பிழை கிடைக்கவில்லை என்றால், காய்ச்சினவர்களுக்குக் கை தட்டத்தான் வேண்டும். பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்தச் சோள வாசனையைப் பற்றி ஒரு கிளைக்கதை. மில்லர் லைட்டில் மக்காச்சோளச் சிரப் சேர்க்கிறார்கள் என்று 2019இல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது போட்டி பீரான பட் லைட் விளம்பரம் போட்டுக் குத்திக்காட்டியது. மில்லர் தரப்பு வழக்குப் போட்டது. மறு வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றம் பட் லைட் பக்கம் தீர்ப்புச் சொன்னது, சேர்மானப் பட்டியலில் நீங்களே அதைத்தானே போட்டிருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். இதைப் படித்தவர்கள் அந்த வாசனையை மோந்ததும் “பார்த்தாயா, சிரப்!” என்பார்கள். அது சரியில்லை. அந்தச் சிரப் சுத்திகரித்த சர்க்கரை, ஈஸ்ட் அதைத் தின்று சாராயமாகவும் வாயுவாகவும் மாற்றிவிடும், வாசனையாக மிஞ்ச அதில் ஒன்றும் இல்லை. வேகவைத்த சோளம் போல மணப்பது டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகப் பொருள், அது வருவது பார்லி மால்ட்டிலிருந்து. மால்ட் ஊறிய சாற்றைக் கொதிக்கவிடும்போது பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும், கொஞ்சம் தங்கும். வெளிர் லாகர்களில் லேசாக இருந்தால் நடுவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆக, சோளம் மணக்கிறது, காரணம் பார்லி.

அடுத்தது குருட்டுப் பரிசோதனை. இது இல்லாமல் ருசி பற்றிப் பேசுவதை நான் நம்புவதில்லை, நானே பேசினாலும். முறை எளிது. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். கிளாசுக்கு ஏ, பி, சி என்றோ 1, 2, 3 என்றோ பெயர் வைக்கக் கூடாது, முதலாவது என்றாலே மனசு அதற்கு ஒரு மார்க் கூடப் போடும். 417, 862, 259 என்று அர்த்தமில்லாத மூன்று இலக்க எண்கள்தான். என் தம்பி ஊற்றினான். எதிரி, அரிசி சேர்த்துச் செய்யும் இன்னொரு பெரிய கம்பெனி லைட் பீர். இரண்டும் 4.2 சதவீதம். நடுநடுவே உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும். (வீட்டிலும் பிஸ்கட்டா என்றால், ஆமாம்.)

“அக்கா, மூணும் ஒண்ணுதான். சும்மா சீன் போடாத.”

“நீ ஊத்துனவன், நீ பேசக் கூடாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கோ.”

இதைக் கண்டிப்பாகச் சொன்னேன், ஊற்றியவர் முகத்தைப் பார்த்தே விடை எழுதுகிறவர்களை வேலையில் பார்த்திருக்கிறேன். ஜில்லென்று இருக்கும்போது நான் சொன்னது குருட்டாம்போக்கில் சொல்வதற்கு மேல் போகவில்லை. கண்ணை மூடிக் கை வைத்தாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும், என் விடைகளும் அந்த வட்டத்திலேயே சுற்றின. கிளாஸ்களை அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தோம். இப்போது தடுமாற்றமே இல்லை. மில்லர் லைட்டில் தானியமும் சோளமும் தெரிந்தது, கசப்பும் ஒரு பிடி கூட. மற்றது இன்னும் வறட்சியாக, விழுங்கும்போது மொடமொடவென்று முடிந்தது. தம்பியை உட்கார வைத்து நான் ஊற்றினேன். அவனுக்கும் அதே கதைதான், குளிரில் தோல்வி, வெளியே வைத்ததும் வெற்றி. “அப்போ ஜில்லுனு குடிக்கிறவனுக்கு எந்த பிராண்டா இருந்தா என்ன?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 4 டிகிரியில் குடிப்பவர் எனக்கு இந்த பிராண்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அவர் கேட்பது கேன் மேல் இருக்கும் படத்தை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இனி ‘லைட்’ கணக்கு. கேனில் 96 கலோரி, 3.2 கிராம் கார்போஹைட்ரேட் என்று இருக்கிறது. இந்த 96 எங்கிருந்து வருகிறது என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். 355 மில்லியில் 4.2 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 15 மில்லி ஆல்கஹால். எடையில் 11.8 கிராம். ஆல்கஹாலுக்குக் கிராமுக்கு 7 கலோரி, ஆக 82. கார்போஹைட்ரேட் 3.2 கிராம், கிராமுக்கு 4, ஆக 13. இரண்டும் சேர்ந்தாலே 95 வந்துவிட்டது, மிச்சம் துளி புரதம். அதாவது இந்தக் கேனின் கலோரியில் கிட்டத்தட்ட ஏழில் ஆறு பங்கு நேராக ஆல்கஹாலிலிருந்து வருகிறது.

5 சதவீத சாதாரண லாகரில் அதே 355 மில்லிக்கு ஆல்கஹால் 14 கிராம், 98 கலோரி. கார்போஹைட்ரேட் 10 முதல் 13 கிராம், இன்னொரு 40 அல்லது 50. மொத்தம் 145 பக்கம். வித்தியாசம் ஏறத்தாழ 50 கலோரி, அதில் பெரும்பகுதி அந்த டெக்ஸ்ட்ரின் போனதால் வந்த மிச்சம். ஆல்கஹால் குறைந்தது சின்ன அளவுதான். ஆறு லைட் குடித்தால் ஐந்து சாதாரண பீர் குடித்த ஆல்கஹால் உள்ளே போகிறது. ஒரே ஒரு கேன் வித்தியாசம்! “லைட்தானே குடிச்சேன்” என்று சொல்லிக்கொண்டு வண்டிச் சாவியை எடுப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம். ருசி எளிதாக இறங்குவதால் கேன் எண்ணிக்கையும் எளிதாக ஏறும், அப்போது மிச்சம் பிடித்த 50 கலோரியும் போயிற்று.

‘வயிறு நிறையாது’ என்ற பழைய விளம்பர வாக்கு பாதி நிஜம். திரவம் மெலிந்தது, வாயில் கனமில்லை, அது சரி. ஆனால் பீர் குடித்தால் வயிறு உப்புவது பெருமளவு வாயுவால். இதில் வாயு எந்தக் கஞ்சத்தனமும் இல்லாமல் இருக்கிறது. ஏப்பத்துக்குப் பஞ்சமில்லை.

மதிப்பெண் போட்டுவிடுகிறேன். நடுவர்கள் பயன்படுத்தும் பி.ஜே.சி.பி. தாளில் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. இதில் முக்கியமான விதி, பீரை அதன் வகைக்குள் வைத்துத்தான் எடைபோட வேண்டும். லைட் லாகர் வகையில் பலமான சுவை எதுவாக இருந்தாலும் அது குறை. ஹாப்ஸ் கமகமவென்று மணந்தால் மார்க் போகும். இல்லாமைக்கு மார்க் போடுகிற விசித்திரமான பாடம் இது. என் கணக்கில் வாசனை 7, தோற்றம் 2 (நுரைக்கு ஒன்று போச்சு), சுவை 13, வாய் உணர்வு 4, மொத்த அபிப்பிராயம் 7. கூட்டினால் 33. அந்தத் தாளில் 30 முதல் 37 வரை ‘மிக நன்று’. உலக பீர் கோப்பையில் இந்த வகையில் இது ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தங்கம் வாங்கியிருக்கிறது, அதனால் நான் கொஞ்சம் கறார் என்றுகூடச் சொல்லலாம்.

வகையை ஓரமாக வைத்துவிட்டு என் வாய்க்குப் பிடித்ததா என்று கேட்டால், ஒரு கேன் வரை பிடித்தது. முதல் பாதி தாகத்துக்கு, இரண்டாம் பாதி அந்த 8 டிகிரி ரொட்டி வாசத்துக்கு. இரண்டாவது கேனைத் திறக்கத் தோன்றவில்லை. காரணம், அதில் எனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது. நல்ல பில்ஸ்னரில் கசப்பு விழுங்கிய பிறகு மெதுவாக விரியும், அடுத்த வாய்க்குள் அதைப் பற்றி யோசிக்க ஏதாவது இருக்கும். இங்கே யோசிக்க ஒன்றும் வைக்கவில்லை. பேச்சு சுவாரசியமாக இருக்கும் இடத்தில், கையில் ஏதாவது இருக்க வேண்டும், ஆனால் கவனத்தை இழுக்கக் கூடாது என்றால் இது பொருத்தமான பீர். பீரையே பேச உட்கார்ந்தால் அரை மணியில் பேச்சு தீர்ந்துவிடும். தம்பி என்னைவிடத் தாராளம், 40 போட்டான். எதற்கு என்று கேட்டால், “எந்த வம்பும் பண்ணலையே” என்றான்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, பழசை வாங்காதீர்கள். அடர்த்தியான பீர் நாளானால் ஒருவேளை உலர்பழ வாசனைக்குப் போய் ஒப்பேற்றும், இது அட்டைப்பெட்டிக்குத்தான் போகும். கேனில் அச்சடித்த தேதியைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது, வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருளும் பீரில் இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினும் வெளிச்சத்தில் சேர்ந்தால் ஒரு கந்தகப் பொருள் உண்டாகும், நாற்றம் குப்பென்று அடிக்கும். இம்மியளவு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நேரடி வெயிலில் இதற்கு நிமிடங்கள் போதும். பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும், பச்சையும் நிறமில்லாததும் அவ்வளவாகத் தடுக்காது. கேனுக்குள் வெளிச்சம் புகவே வழியில்லை. எனவே கேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கேனோடு குடிக்காமல் கிளாசில் ஊற்றுங்கள். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து ஒரு பத்து நிமிடம் மேஜையில் விட்டால் 8 டிகிரிப் பக்கம் வந்துவிடும். அங்கே ஆரம்பித்து 12க்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வைத்துக்கொண்டு குடிப்பது என்னைப் போல் சம்பளத்துக்கு நாக்கை வாடகைக்கு விடுகிறவர்கள் வேலை.